பன்னிரண்டாண்டுக் குறிஞ்சியும் பாலாலயமும்

(திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாவின் மூன்றாம் நாள் மாலை, பழனி மலைத்தொடரின் மேற்றளத்துள்ள நம் முருகன் திருக்கோயில் மண்டபத்தில், ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மண்டபத்தில் எனக்கு முன் பேசிய பெரியோர்கள் ஆகமப் பொருளையும் திருமுறைப் பொருளையும் தேனாகப் பொழிந்தார்கள். அடியேன் அவ்வளவு கற்றவனல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் செடியும் கொடியும் பற்றிப் பாடம் சொல்லிப் பிழைத்தவன். ஆதலின் எனக்குத் தெரிந்த ஒரு செடியைப் பற்றியே பேச நினைக்கிறேன். அச்செடியும் நம் பெருமானுக்கு அயலானதன்று. அவன் ஆளும் நிலத்துக்கே தன் பெயரைக் கொடுத்த செடி அது. குறிஞ்சி என்பது அதன் பெயர்.

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், அந்நிலத்துத் தெய்வம் சேயோன் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் குறிஞ்சியும் ஒன்று. மற்றைய பூக்களுள் பெரும்பாலானவை ஆண்டுதோறும் பூப்பன. இதுவோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அங்ஙனமிருந்தும் ஒரு திணைக்கே இதன் பெயரை வைத்தார்கள் என்றால், மலையைக் கண்ணாலும் காலாலும் அறிந்தவர்கள் வைத்த பெயர் அது என்பதில் ஐயமில்லை.

அன்பர்களே! பன்னிரண்டு ஆண்டு என்றவுடன் உங்கள் நெஞ்சில் ஓர் எண்ணம் எழுந்திருக்கும். நாம் இன்று கூடியிருப்பதும் அந்தக் கணக்கினால் அன்றோ? திருவுருவத்தைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து காலத்தால் தேய்கிறது. கலசத்திலிட்ட தானியம் பழமையடைகிறது. ஆகவே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது நம் மரபு. கோயில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் கால அளவும், இம்மலை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் கால அளவும் ஒன்றாக அமைந்திருப்பதை எண்ணி எண்ணி நான் வியந்திருக்கிறேன். கோயிலைப் புதுப்பிக்க நாம் திரண்டு வந்திருக்கிறோம். மலையைப் புதுப்பிக்க யார் வருவார் என்பதே இன்று நான் உங்கள் திருமுன் வைக்கும் கேள்வி.

முதலில் இச்செடியின் இயல்பைச் சுருங்கச் சொல்கிறேன். தாவர நூலார் இதனை ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்பர். இதன் பேரினத்தில் 400-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுள் சில ஆண்டுதோறும் பூக்கும். சில ஆறு, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை. சில பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை. நம் நீலக்குறிஞ்சிக்குப் பன்னிரண்டு. ஏறத்தாழ 1,300 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள மலைகளில், மரநிழலில்லாத புல்வெளிச் சரிவுகளில் வளர்வது. பழனி மலை, நீலகிரி, மூணாற்றை அடுத்த ஆனைமலைப் பகுதி ஆகியவை இதன் இல்லங்கள். திறந்த சரிவில் முழங்கால் அளவு முதல் இடுப்பளவு வரை நிற்கும். பூ இளமையில் வெளிர்நீலமாக இருந்து, முதிர முதிர ஊதாச்சாயல் பெறும்.

ஆடி, ஆவணியில் பூக்கத் தொடங்கி ஐப்பசி வரை மலை முழுதும் நீலப் பட்டுடுத்தி நிற்கும். தேனீக்கள் திரளும். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டிலேயே குறிஞ்சித் தேன் பேசப்படுகிறது. பூ உதிர்ந்து காய் பிடித்து, அக்காய் முற்றி உலர மாதங்கள் பல ஆகும். தை மாதத்துக்கும் பங்குனிக்கும் இடையில் உலர்ந்த காய் வெடித்து விதையைச் சிதறும். காய் ஒன்றில் மிகுதியாகப் போனால் நான்கு விதைகள். அவ்வளவுதான். அதன்பின் செடி பட்டுப்போகும். வாழ்நாளில் ஒரு பூப்பு, ஒரு காய்ப்பு, ஒரு விதைப்பு. தாய் மாய்ந்த இடத்தில் அடுத்த மழைக்குப் பிள்ளைகள் முளைக்கும்.

ஏன் இப்படி எல்லாச் செடியும் ஒரே ஆண்டில் பூத்து மடிய வேண்டும்? விதையைத் தின்னும் பூச்சியும் பறவையும் எத்தனை தின்றாலும் தீராத அளவு விதை ஒரே நேரத்தில் குவிந்தால்தான் சில விதைகளாவது பிழைத்து முளைக்கும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். தனியே பூத்த செடிக்குப் பாதுகாப்பில்லை. கூட்டமாகப் பூத்தால் கூட்டமே காவல். ஊர் கூடித் தேர் இழுப்பவர்களாகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

1838-ஆம் ஆண்டு தொடங்கி இப்பூப்புகள் குறித்து வைக்கப்பட்டுள்ளன. நம் தலைமுறை அறிந்தவை 1958, 1970, 1982, 1994, 2006, 2018. அடுத்தது 2030. இம்மலைப் பளியர் தம் அகவையைக் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டே கணக்கிட்டனர். அந்தக் கணக்கில் நான் ஐந்து குறிஞ்சி கண்டவன். 1970-இல் என் தந்தையாரின் தோள்மேல் இருந்து கண்டேன். ஆறுமுகன் அருள் கூட்டுவித்தால் ஆறாவதையும் காண்பேன்.

இனி என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது பெருமைப்படத்தக்கது அன்று.

1994-ஆம் ஆண்டு ஆவணி மாதம். அப்போது எனக்கு முப்பது வயது. இக்கோயிலின் மேற்குச் சரிவு முழுதும் நீலமாகக் கிடந்தது. வள்ளி நாயகியை மணந்த ஞான்று பெருமான் குறிஞ்சி மாலை சூடினான் என்று சொல்லக் கேட்டிருந்தேன். அவனுக்கு நானும் ஒரு குறிஞ்சி மாலை சாத்த வேண்டும் என்ற ஆசை என்னைப் பற்றியது. விடியலில் எழுந்து, நீராடி, இரண்டு கூடை நிறையப் பறித்தேன். பூக்கள் எளிதில் வரவில்லை. கிளைகளையே ஒடித்தேன். அதைச் சுமந்து வந்து, அந்நாளில் இங்குப் பூசை செய்த முதிய குருக்களிடம் பெருமிதத்தோடு நீட்டினேன்.

அவர் கூடைகளை நெடுநேரம் பார்த்தார். ஒரே ஒரு பூவை எடுத்துப் பெருமான் திருவடியில் வைத்துத் தீபம் காட்டினார். பிறகு கூடைகளை என்னிடமே திருப்பித் தந்தார். "தம்பி, மல்லிகையைப் பறித்தால் நாளைக்கு வேறு பூக்கும். இதைப் பறித்தால் இதற்கு நாளை ஏது? நீ பூவைக் கொண்டுவரவில்லையப்பா, ஒரு குடும்பத்தின் குழந்தைகளைக் கூடையில் அள்ளி வந்திருக்கிறாய்" என்றார். சினந்து சொல்லவில்லை. மெல்லத்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் இன்றுவரை என் செவியை விட்டு நீங்கவில்லை.

பள்ளியில் மகரந்தச் சேர்க்கையும் விதைப் பரவலும் கற்பித்தவன் நான். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே விதைக்கும் செடியின் பூவைப் பறித்தால் அதன் வமிசமே அற்றுப்போகும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? படிப்பு ஏட்டில் இருந்தது, பக்தி கையில் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை. அன்று ஒடித்த இடத்தில் 1995-ஆம் ஆண்டு மழைக்கு ஒரு நாற்றும் முளைக்கவில்லை. சில ஆண்டுகளில் பக்கத்துத் தோப்பிலிருந்து வாட்டில் மரக்கன்றுகள் வந்து அவ்விடத்தை மூடிக்கொண்டன.

அந்த மரத்தைப் பற்றியும் ஒரு சொல். தோல் பதனிடப் பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மரம் அது. நீலகிரியார் அதனைச் சீகை என்பர். அதனோடு தைல மரமும் பைன் மரமும் இம்மலைப் புல்வெளிகளில் நடப்பட்டன. வெற்றுப் புல்வெளி வீணாகக் கிடக்கிறது, மரம் வைத்தால் மலை செழிக்கும் என்று நல்லெண்ணத்தோடு பலர் நினைத்த காலம் அது. விளைவு என்ன? செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, 1973 முதல் 2014 வரையில் பழனி மலைகளின் புல்வெளிப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோயிற்று என்று கணக்கிட்டது. புல்வெளி போனால் குறிஞ்சி போயிற்று. மரநிழலில் அது வாழாது. அதன் விதை காற்றில் பறப்பதன்று. தாய்ச்செடிக்கு அருகிலேயே விழுவது. ஆகவே ஒரு சரிவில் குறிஞ்சி அற்றுவிட்டால், தானாக அது திரும்பி வருதல் அரிது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-ஆம் ஆண்டில் நீலக்குறிஞ்சியை அழிவுக்கு இலக்காகும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

மரத்தின்மேல் குற்றம் இல்லை. அதே ஆஸ்திரேலிய நாட்டில் பிறந்த ஓர் அம்மையார், ஈழத்துச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை மணந்து, சைவம் தழுவி, லீலாவதி என்னும் பெயர் பூண்டு, 1936-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் திருக்கோயிலை எழுப்பினார். வேற்று நாட்டு மரம் குறிஞ்சியின் நிலத்தை மூடியது. வேற்று நாட்டில் பிறந்த நெஞ்சம் குறிஞ்சியின் பெயரால் கோயில் எடுத்தது. எங்கிருந்து வந்தது என்பதில் ஏற்றத்தாழ்வு இல்லை. வந்த இடத்தை மதித்ததா என்பதே அளவுகோல்.

2006-ஆம் ஆண்டு மீண்டும் குறிஞ்சி பூத்தது. நாடு முழுதும் அதனைப் பேசிற்று. அரசு குறிஞ்சியின் படத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டது. அண்டைக் கேரளத்தில் வட்டவடை, கொட்டாக்கொம்பூர்ப் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. என் உள்ளத்திலோ குருக்களின் சொல்லே ஒலித்தது. ஒடித்ததற்கு ஈடாக ஒரு கையளவாவது வளர்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று உறுதி கொண்டேன். கோயில் நிலத்தில் இருந்த வாட்டில் மரங்களை அப்போதிருந்த அறங்காவலர்கள் வெட்டி அகற்றியிருந்தனர். அந்த வெற்றிடமே என் இலக்கு.

அன்பர்களே, விதையிலிருந்து குறிஞ்சி வளர்ப்பது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை இரண்டு. ஒன்று என் தோல்வி. மற்றொன்று இந்தக் குடமுழுக்குக் கிரியைகள். நான் சொல்வது விளையாட்டன்று. நான்கு கிரியைகளை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது அனுஞ்ஞை. எத்துணைப் பெரிய வேள்வியாயினும் இறைவனிடமும் ஆசாரியரிடமும் உத்தரவு பெற்றே தொடங்குகிறோம். விதை எடுக்கவும் உத்தரவு வேண்டும். நான் கோயில் சரிவில் எஞ்சியிருந்த செடிகளிலிருந்து, அறங்காவலர் இசைவு பெற்று, ஒரு செடியில் சில காய்கள் என்ற அளவில் மட்டுமே எடுத்தேன். மிகுதியை மண்ணுக்கும் காட்டுக்கோழிக்கும் விட்டேன். இன்று சட்டமே அனுஞ்ஞை கேட்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நீலக்குறிஞ்சி காக்கப்படும் தாவரங்களுள் ஒன்று. காட்டிலிருந்து அதைப் பறித்தலும் பெயர்த்தலும் குற்றம். உரிமமின்றி வளர்த்தலும் ஆகாது. ஆதலின் இதைக் கேட்டுவிட்டு எவரும் நாளைக் காலை மண்வெட்டியோடு மலையேறிவிட வேண்டா. வனத்துறையின் உரிமம் பெற்றுச் செய்வதே முறை.

இரண்டாவது மிருத்சங்கிரகணம். தூய இடத்தில் நிலத்தை வணங்கி மண் எடுத்து வருகிறோம். மண்ணுக்குக் கிரியையில் அவ்வளவு மதிப்பு. நானோ முதலில் மண்ணை மதிக்கவில்லை. 2007-ஆம் ஆண்டு சித்திரை மழைக்கு என் வீட்டுத் தோட்டத்தில் ஆட்டெருவும் இலைமக்கும் கொழிக்கக் கொழிக்க இட்டுப் பாத்தி அமைத்தேன். வெயில் படாமல் கீற்றுப் பந்தல் போட்டேன். நாள்தோறும் நீர் ஊற்றினேன். விதைகள் முளைத்தன. மகிழ்ந்தேன். சில நாட்களில் நாற்றுகள் அடித்தண்டு கருகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நாற்றழுகல். என் அன்பே அவற்றை அழுக வைத்தது.

நல்ல வேளையாக ஒரு பகுதி விதையைத் துணிப்பையில் எஞ்ச வைத்திருந்தேன். இம்முறை குறிஞ்சி வாழும் அதே சரிவிலிருந்து மண் கொண்டுவந்தேன். ஏழை மண், சரளை கலந்தது, நீர் நில்லாதது. அதை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, மலைச்சரிவு போலவே தட்டைச் சற்றுச் சாய்த்து வைத்தேன். எரு இடவில்லை. எந்த மண்ணில் தாய் நின்றாளோ அந்த மண்ணே பிள்ளைக்கு மருந்து என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

மூன்றாவது அங்குரார்ப்பணம். பாலிகைகளில் நவதானியம் தெளித்து முளைக்க வைக்கிறோம். குடமுழுக்கின் தொடக்கத்திலேயே விதைப்பு இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. யாகசாலையின் மூலையில் அப்பாலிகைகள் இருக்கும். நேற்றும் இன்றும் உங்களுள் எத்தனை பேர் அவற்றை உற்றுப் பார்த்தீர்கள்? பாலிகையில் விதையை ஆழப் புதைப்பதில்லை. மேலாகத் தூவி, நீர் தெளிக்கிறார்கள். குறிஞ்சி விதைக்கும் அதுவே முறையாயிற்று. விதையை மேலாகத் தூவி, அதன் மேல் விதையின் கனத்துக்கே மெல்லிய மண்போர்வை இட்டு, தூவலாக நீர் தெளித்தேன். முளைத்தபின் பந்தலை மெல்ல மெல்ல அகற்றி, முழு வெளிச்சத்துக்குப் பழக்கினேன். உறைபனி விழும் மார்கழி இரவுகளில் மட்டும் சாக்குத்துணி போர்த்தினேன்.

நான்காவது இரட்சாபந்தனம். கையில் காப்புக் கட்டியவர் காரியம் முடியும்வரை ஊரெல்லை தாண்டுவதில்லை. நாற்று வளர்ப்பவருக்கும் காப்பு உண்டு. 2008-ஆம் ஆண்டு மழையில் நாற்றுகளை மேற்குச் சரிவின் வெற்றிடத்தில் நட்டேன். அதன்பின் பதினோராண்டுக் காவல். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும் தன்மையது. ஆண்டுதோறும் என் மாணவர்கள் வரிசையாக நின்று அக்கன்றுகளைப் பிடுங்கினர். தைப்பூசத்தன்று பொங்கலுண்டபின் அந்த வேலை. அது எங்கள் பள்ளியின் வழக்கமாகவே ஆயிற்று. மாடு மேய்ந்தது சில. பன்றி கிளறியது சில. கோடைத் தீ ஒருமுறை ஓரம் வரை வந்து நின்றது. எஞ்சியவை 17 செடிகள்.

17 செடி ஒரு பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் சோர்ந்திருந்தேன். 2018-ஆம் ஆண்டு ஆவணியில், மலையெங்கும் குறிஞ்சி பூத்த அதே வாரத்தில், அந்த 17 செடிகளும் பூத்தன. என் தட்டில் முளைத்து, என் கையால் நட்ட செடிகள், மலையின் நாட்காட்டியை மறக்கவில்லை! யார் அவற்றுக்குப் பஞ்சாங்கம் வாசித்துக் காட்டியது? அன்று கோயில் வாயிலில் நின்று அழுதேன் என்று சொல்வதில் எனக்கு நாணமில்லை. முதிய குருக்கள் அதற்குள் இறைவனடி சேர்ந்திருந்தார். அவர் இருந்திருந்தால், ஒரு பூ எடுத்து வைக்கச் சொல்லியிருப்பாரோ, அதுவும் வேண்டாம் என்றிருப்பாரோ, அறியேன். நான் ஒன்றையும் பறிக்கவில்லை. காய் முற்றி, 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவை தாமே வெடித்துத் தம் விதையைத் தாமே விதைத்துப் பட்டுப்போயின. அவ்வாண்டு மழைக்குப் பின் அங்குச் சென்று பார்த்தேன். எண்ண முடியவில்லை. தரையெல்லாம் நாற்று.

இங்கு ஒரு நுட்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். விதையெடுத்துத் தட்டில் வளர்க்கும் முறை தெரிந்துவிட்டதே, இனி மலை போனாலும் குறிஞ்சி பிழைக்கும் என்று எவரும் எண்ணலாகாது. நாற்றங்கால் என்பது பாலாலயம். திருப்பணி நடக்கும் காலத்தில் இறைவனை அத்திப் பலகையிலோ சித்திரத்திலோ எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் பூசை நடத்துகிறோம். அதிலும் அவன் முழுமையாகவே இருக்கிறான். ஆயினும், பாலாலயம் இருக்கிறதே, கருவறை எதற்கு என்று கேட்பார் உண்டா? கருவறை எழுந்தவுடன் அவனைத் திரும்ப அழைத்துச் செல்வதற்கே பாலாலயம். குறிஞ்சிக்குக் கருவறை மலைச்சரிவு. சரிவைக் காப்பது முதற்கடமை. அது சிதைந்த இடத்தில் மட்டும், அந்த மலையின் விதையையே எடுத்து, அந்த மலையிலேயே சேர்ப்பது அடுத்த கடமை. ஒரு மலையின் விதையை மற்றொரு மலைக்குக் கொண்டு போதலும் கூடாது. இடத்துக்கு இடம் பூக்கும் ஆண்டு வேறுபடுவதுண்டு. கூட்டத்தோடு பூவாத செடிக்குக் காவல் இல்லை என்று முன்பே சொன்னேன்.

இப்போது நான் சொல்லத் தயங்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். திருப்பணிச் செல்வர்கள் பொறுத்தருள வேண்டும்.

இக்குடமுழுக்கின் தொடர்ச்சியாக நடைபெற இருக்கும் பணிகளின் பட்டியலை மண்டப வாயிலில் ஒட்டியிருக்கிறார்கள். அன்னதானக் கூடம், குடிநீர்த் தொட்டி, முதியோர் ஏறக் கைப்பிடிப் படிகள் எல்லாம் நல்ல பணிகள். பட்டியலின் ஐந்தாம் வரியில், வெளியூர் அன்பர்களின் வாகனங்கள் நிற்க மேற்குச் சரிவைச் சமன் செய்தல் என்று இருக்கிறது. அதற்குப் பெருந்தொகை தர ஓர் அன்பர் முன்வந்தும் இருக்கிறார். அவர் உள்ளம் தூய்மையானது. இக்கோயிலுக்கு அவர் செய்திருப்பது கொஞ்சமன்று. ஆனால் அந்த மேற்குச் சரிவுதான் நான் சொன்ன சரிவு. 2019-இல் முளைத்த பிள்ளைகள் இன்று அங்கே முழங்காலளவு நிற்கின்றன. பூவில்லாத குறிஞ்சி பார்வைக்கு வெறும் புதர். பட்டியல் எழுதியவர் கண்ணுக்குப் புதராகத் தெரிந்ததில் வியப்பில்லை. 1994-இல் கண்ணெதிரே பூவாக நின்றபோதே எனக்குத் தெரியவில்லையே!

2030-ஆம் ஆண்டில் அச்சரிவு நீலமாகும். அதைக் காண வருவோரின் வாகனம் நிற்பதற்காக, காண வேண்டியதையே நாம் மண்ணோடு மண்ணாக்கிவிடலாமா? சரிவைச் சமன் செய்தால் குறிஞ்சி மட்டும் போகாது. புல்வெளி மழைநீரை ஏற்று மெல்லக் கசியவிடுகிறது. பழனியடிவாரத்துச் சண்முகநதிக்கு நீர் தரும் ஓடைகள் இம்மலைகளில் பிறப்பவை. நம் கோயில் சுனையும் அச்சரிவின் அடியில் ஊறுவதே. இன்று கலசங்களில் நிரம்பியிருக்கும் தீர்த்தத்தில் அச்சுனையின் நீரும் உண்டு என்பதை மறத்தலாகாது.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள் செய்கிறேன். முதலாவது, வாகனங்கள் ஊர்ச் சந்தைத் திடலிலேயே நிற்கட்டும். அங்கிருந்து மலைக்கு நடை கால்மணி நேரம். காவடி சுமந்து பழனிக்கு நாட்கணக்காக நடப்பவர்கள் நாம். கால்மணி நேரம் நமக்குப் பாரமாகாது. முதியோருக்கு மட்டும் கோயில் வண்டி ஒன்று ஓடலாம். இரண்டாவது, குறிஞ்சிப் பூவை அருச்சனைக்கும் மாலைக்கும் ஏற்பதில்லை என்று அறங்காவலர் குழு இன்றே தீர்மானித்து, 2030-க்கு முன்பே எழுதி வைக்கட்டும். பறிக்காத பூவே அவனுக்குச் சாத்திய பூ. மூன்றாவது, 2031-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விதை முற்றும்போது, வனத்துறையின் உரிமம் பெற்று, கோயில் நந்தவனத்தின் ஒரு மூலையில் குறிஞ்சி நாற்றங்கால் ஒன்று அமையட்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பேணட்டும். வடக்குச் சரிவில் வாட்டில் அகற்றிய இடம் அந்த நாற்றுகளுக்காகக் காத்துக் கிடக்கிறது. பெருந்தொகை தர முன்வந்த அன்பர் அவ்வாட்டிலை அகற்றவும் காவல் வைக்கவும் அத்தொகையில் ஒரு பகுதியை ஈந்தால், அவர் பெயர் கல்லில் பொறிக்கப்படாமற் போகலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையே அதை நீல எழுத்தில் எழுதிக் காட்டும்.

நாளை காலை நல்லோரையில் விமானத்தின் மேல் தீர்த்தம் ஆகும். அக்கலசங்களுக்குள் வரகும் பிற தானியங்களும் நிரப்பப்பட்டுள்ளன. பஞ்சமோ பெருவெள்ளமோ வந்து ஊரார் விதையிழந்தால், உயரத்தில் காத்து வைத்த அவ்விதை ஊரை மீட்கும் என்று பெரியோர் சொல்வார்கள். விதையைக் காத்தல் கோயிலின் பழைய தொண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கலசத்தில் நெல்லும் வரகும் காத்த கோயில், தன் சரிவில் குறிஞ்சியையும் காக்கட்டும். ஒன்று மனிதனின் பசிக்கு விதை. மற்றொன்று மலையின் உயிருக்கு விதை.

அடுத்த குடமுழுக்கு நடக்கும்போது நம்முள் பலர் இருக்கமாட்டோம். நானும் இருப்பேனோ, அறியேன். அப்போது இம்மண்டபத்தில் அமரும் குழந்தை ஒன்று மேற்கே கைநீட்டி, "தாத்தா, அது என்ன செடி?" என்று கேட்கும். பதில் சொல்ல ஒரு தாத்தா இருப்பார். சுட்டிக் காட்டச் செடியும் அங்கே இருக்க வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறது.

குறிஞ்சிக் கிழவனாகிய முருகப் பெருமான் நம் அனைவருக்கும் நல்லெண்ணமும், அதை நிறைவேற்றும் பொறுமையும் அருள்வானாக. திருப்பணி புரிந்தோர் குடி வாழ்க, திருக்கோயில் வாழ்க, அதனைத் தாங்கி நிற்கும் மலையும் வாழ்க.